‘போய்விட்டது’, ‘வரவில்லை’: யுபிஐயில் நடப்பது என்ன?

பாளையங்கோட்டை மார்க்கெட்டில் நான் கீரை வாங்கும் ஆச்சிக்குக் கடை என்று தனியாக எதுவும் கிடையாது. ஒரு சாக்கு விரிப்பு, தண்ணீர் தெளித்து அடுக்கிய கீரைக்கட்டுகள், சில்லறை போட ஒரு பனையோலைப் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் நாணயங்களுக்கு நடுவே, பணம் வந்தால் தொகையைச் சொல்லும் ஒரு சவுண்ட் பாக்ஸ் இருக்கும். பெட்டியின் விளிம்பில் க்யூஆர் அட்டையை நூலால் கட்டித் தொங்கவிட்டிருப்பார்.

சென்ற மாதம் ஒரு மாலையில் எனக்கு முன்னால் நின்ற கல்லூரி மாணவன் அறுபது ரூபாய்க்குக் கீரையும் முருங்கைக்காயும் வாங்கினான். அட்டையை ஸ்கேன் செய்து பணம் அனுப்பினான். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சற்று நேரத்தில் அவனுடைய வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. கணக்கில் 60 ரூபாய் கழிக்கப்பட்டுவிட்டது.

“பணம் போய்விட்டது ஆச்சி” என்றான்.

“எனக்கு வரவில்லையே ஐயா. பெட்டி பேசவில்லையே” என்றார் ஆச்சி.

பின்னால் நின்றவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சர்வர் படுத்துவிட்டது என்றார் ஒருவர். செயலிக்காரர்கள் பணத்தைப் பிடித்துவைத்து வட்டி பார்க்கிறார்கள் என்றார் இன்னொருவர். பணம் நடுவானில் நிற்கிறது, இறங்கக் கொஞ்ச நேரமாகும் என்று ஒரு பெரியவர் மாணவனுக்குத் தைரியம் சொன்னார்.

மாணவன் சொன்னது உண்மை. ஆச்சி சொன்னதும் உண்மை. சர்வர் என்றவர் சொன்னதில் பாதி உண்மை, மற்ற இருவர் சொன்னதில்தான் பிசகு. வங்கிக் கவுண்ட்டரில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்பதால் எங்கள் தெருவில் இந்தக் கேள்விகள் என்னிடம்தான் வரும். படித்தவர்களும் இதே மூன்று விளக்கங்களைத்தான் சொல்கிறார்கள். இந்தப் பிசகான நம்பிக்கைகளை வைத்துத்தான் ஏமாற்றுக்காரர்கள் பிழைக்கிறார்கள். அதனால் அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். கணினி அறிவு எதுவும் வேண்டாம். கடைக் கணக்கு புரிந்தால் போதும்.

மண்டிக் கணக்கிலிருந்து தொடங்குவோம்

போனைக் கீழே வைத்துவிட்டு, நயினார்குளம் மொத்தக் காய்கறிச் சந்தைக்கு வாருங்கள். மண்டியில் சரக்கு இறக்கும் விவசாயி அன்றைக்கே முழுப் பணத்தையும் எண்ணி வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்பதில்லை. மண்டிக்காரர் தம் பேரேட்டில் அவர் பெயருக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பார். சரக்கு வந்தால் அந்தப் பக்கத்தில் வரவு எழுதுவார். விவசாயி செலவுக்கு வாங்கினால் பற்று எழுதுவார். வரவு என்றால் அவர் கணக்கில் கூடுவது, பற்று என்றால் குறைவது. வங்கிப் புத்தகத்திலும் இதே இரண்டு சொற்கள்தான்.

மானூர்ப் பக்கத்து வெங்காய விவசாயி ஒருவருக்கு முதல் மண்டியில் கணக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சேரன்மகாதேவிப் பக்கத்து வாழை விவசாயி ஒருவருக்கு இரண்டாவது மண்டியில் கணக்கு. வெங்காயக்காரர் வாழைக்காரருக்கு ஐந்நூறு ரூபாய் தர வேண்டும். அவர் ஒரு துண்டுச் சீட்டு எழுதுகிறார்: ‘என் பேரில் ஐந்நூறு பற்று எழுதி, அடுத்த மண்டியில் இன்னார் பேரில் வரவு வைக்கச் சொல்லவும்.’ கீழே கையெழுத்து. ஒரு பையன் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு ஓடுகிறான்.

முதல் மண்டியின் கணக்குப்பிள்ளை கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறார், அந்தப் பக்கத்தில் ஐந்நூறு ரூபாய் இருப்பு உண்டா என்று பார்க்கிறார், பிறகு பற்று எழுதுகிறார். ‘எழுதியாயிற்று’ என்ற பதிலோடு பையன் இரண்டாவது மண்டிக்கு ஓடுகிறான். அங்கே வாழைக்காரர் பேரில் ஐந்நூறு வரவு. ‘வைத்தாயிற்று’ என்ற பதிலோடு திரும்பிவந்து இரண்டு பேரிடமும் செய்தி சொல்கிறான்.

இத்தனையிலும் ஒரு ரூபாய் நோட்டுகூட இடம் மாறவில்லை. இரண்டு பேரேடுகளில் இரண்டு வரிகள் கூடின, அவ்வளவுதான். இப்படி நாள் முழுக்க எத்தனையோ சீட்டுகள் அங்குமிங்கும் போய்வரும். மாலையில் மண்டிக்காரர்கள் உட்கார்ந்து கூட்டிக் கழித்து, யார் யாருக்கு மீதி தர வேண்டுமோ அதை மட்டும் தந்து தீர்த்துக்கொள்வார்கள்.

யுபிஐ என்பது முழுக்க முழுக்க இதுதான். மண்டி என்ற இடத்தில் வங்கி என்று போட்டுப் படித்தால் போதும்.

ஓடுகிற பையன் யார்?

சீட்டை எடுத்துக்கொண்டு வங்கிக்கு வங்கி ஓடும் வேலையைச் செய்வது இந்திய தேசியப் பணம் செலுத்தும் கழகம். செய்தித்தாள்களில் என்பிசிஐ என்று வருவது இதுதான். ரிசர்வ் வங்கியும் இந்திய வங்கிகள் சங்கமும் முன்னின்று 2008இல் தொடங்கிய அமைப்பு. 2016 ஏப்ரல் 11 அன்று, அப்போதைய ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் யுபிஐயை மும்பையில் தொடங்கிவைத்தார். வங்கிகள் ஒன்றுக்கொன்று சீட்டு அனுப்பிக்கொள்வதற்கான பொது ஏற்பாடு, பொது மொழி என்று யுபிஐயைச் சொல்லலாம். எந்த வங்கியின் பேரேட்டிலிருந்தும் எந்த வங்கியின் பேரேட்டுக்கும் சீட்டு போகும்.

அப்படியானால் கூகுள் பே, போன்பே போன்றவை எங்கே வருகின்றன? அவை சீட்டு எழுதித் தரும் மேசைகள். அந்தக் காலத்தில் தபால் ஆபீஸ் வாசலில் மணியார்டர் பாரம் எழுதிக் கொடுப்பதற்கென்று ஒருவர் உட்கார்ந்திருப்பார், நினைவிருக்கிறதா? பாரத்தை அவர் எழுதுவார், பணம் அவர் பையில் இருக்காது. இந்தச் செயலிகள் அந்த இடத்தில் இருப்பவை. நீங்கள் யாருக்கு, எவ்வளவு என்று சொல்வதைச் சீட்டாக எழுதி, தாங்கள் இணைந்திருக்கும் ஒரு வங்கியின் வழியாக என்பிசிஐயிடம் சேர்ப்பிக்கும். உங்கள் பணம் உங்கள் வங்கியின் பேரேட்டில்தான் இருக்கிறது.

‘உன் ஜிபேயில் எவ்வளவு இருக்கிறது?’ என்று கேட்பது எங்கள் பக்கத்தில் சாதாரணம். பேச்சு வழக்காகக் கேட்டால் தவறில்லை. அதையே நம்பிவிட்டால்தான் தொல்லை. செயலியை அழித்துவிட்டால் பணம் போய்விடும் என்று பயந்த ஒருவரை எனக்குத் தெரியும். போன் தாமிரபரணியில் விழுந்துவிட்டது, உள்ளே எட்டாயிரம் ரூபாய் இருந்தது என்று கலங்கியவரும் உண்டு. போன் ஆற்றோடு போகட்டும், பேரேட்டில் உள்ள வரி ஈரமாகாது.

ஒரு விலக்கு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். யுபிஐ லைட் என்ற வசதியில் 5,000 ரூபாய் வரை தனியே எடுத்துவைத்து, ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை ரகசிய எண் இல்லாமலே செலவழிக்கலாம். அந்தச் சிறு தொகையை மட்டும் சட்டைப்பைச் சில்லறை போல நினைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னதை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வோம். பணம் போனில் இல்லை, செயலியில் இல்லை, ஆகாயத்திலும் இல்லை. உங்கள் வங்கிப் பேரேட்டில் ஒரு பற்று, அவர் வங்கிப் பேரேட்டில் ஒரு வரவு, நடுவில் ஓடும் செய்தி. இந்த மூன்றும்தான் ஒரு யுபிஐ பரிவர்த்தனை.

கட்டம் போட்ட அட்டையில் என்ன எழுதியிருக்கிறது?

க்யூஆர் கோடு 1994இல் ஜப்பானில் பிறந்தது. கார் உதிரிப் பாகங்களை எண்ணிக் கணக்கு வைப்பதற்காக டென்சோ நிறுவனத்தில் உருவாக்கினார்கள். கறுப்பு வெள்ளைக் கட்டங்களில் ஒளித்திருப்பது வெறும் எழுத்து. ஆச்சியின் அட்டையில் இருப்பது அவருடைய யுபிஐ முகவரியும் பெயரும். யுபிஐ முகவரி என்பது வங்கிக் கணக்கு எண்ணை வெளியில் காட்டாமல் அதற்குப் பதிலாகத் தரும் புனைபெயர். கையால் தட்டச்சு செய்ய வேண்டிய முகவரியைக் கேமரா படித்துக்கொள்கிறது.

ஆகவே ஸ்கேன் செய்வது வீட்டுக் கதவில் ஒட்டியிருக்கும் பெயர்ப் பலகையைப் படிப்பதற்குச் சமம். படித்ததாலேயே பணம் போய்விடாது. ஆனால் பெயர்ப் பலகையையே மாற்றி ஒட்டிவிட்டால்? கடை அட்டையின் மேல் வேறொருவர் தம் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போகும் திருட்டு நடக்கத்தான் செய்கிறது. அதனால்தான் தொகையைப் போடும் முன் திரையில் வரும் பெயரைச் சத்தமாகப் படிக்க வேண்டும். “இன்னார் பெயர் வருகிறது, சரிதானே அண்ணாச்சி?” என்று ஒரு வார்த்தை கேட்டால் அண்ணாச்சி கோபித்துக்கொள்ள மாட்டார்.

இன்னொரு செய்தியும் இதிலிருந்தே புரியும். அட்டையைக் காட்டுபவர் வாங்குபவர். ஸ்கேன் செய்பவர் கொடுப்பவர். ‘உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், இந்தக் க்யூஆரை ஸ்கேன் செய்யுங்கள்’ என்று யாராவது வாட்ஸப்பில் படம் அனுப்பினால், அந்த நிமிடமே பேச்சை முடித்துவிடலாம்.

ரகசிய எண்: அது உங்கள் கையெழுத்து

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பின் நம்பர் என்று நாம் சொல்லும் நான்கு அல்லது ஆறு இலக்க ரகசிய எண்ணைப் பூட்டின் சாவி என்று பலரும் நினைக்கிறார்கள். சாவி என்று நினைப்பதால், ‘கதவைத் திறந்தால்தானே பணம் உள்ளே வரும்’ என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. மண்டிக் கதையை நினைத்துப் பாருங்கள். வெங்காயக்காரர் எதற்குக் கையெழுத்துப் போட்டார்? தம் பக்கத்தில் பற்று எழுதச் சம்மதம் தருவதற்கு. வாழைக்காரர் எங்கேயாவது கையெழுத்துப் போட்டாரா? இல்லை. அவர் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்திருப்பார். வரவு வைப்பதற்கு யாருடைய சம்மதமும் தேவைப்படவில்லை.

ரகசிய எண் அந்தக் கையெழுத்துதான். ‘என் பேரில் பற்று எழுதிக்கொள்ளுங்கள்’ என்று உங்கள் வங்கிக்கு நீங்கள் தரும் உத்தரவு. இருப்பு பார்க்கும்போதும் அதைக் கேட்பார்கள், உங்கள் பக்கத்தைப் புரட்டிக் காட்ட நீங்கள்தான் கேட்கிறீர்கள் என்று உறுதி செய்வதற்காக. மற்றபடி பணம் வாங்க அது ஒருபோதும் தேவையில்லை. எந்த வங்கியும் எந்தச் செயலியும் எந்த அரசுத் திட்டமும் இதற்கு விலக்கு இல்லை. 2025 அக்டோபரிலிருந்து எண்ணுக்குப் பதிலாக விரல்ரேகையோ முகமோ காட்டும் வசதியும் வந்திருக்கிறது. அதுவும் அதே கையெழுத்துதான்.

என் மதினி வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் அவர்கள் பெருமாள்புரத்தில் வீடு காலி செய்தபோது, பழைய தேக்குக் கட்டிலை விற்க ஓர் இணையதளத்தில் படம் போட்டார்கள். பத்து நிமிடத்தில் ஒருவர் அழைத்தார். பேரம் பேசவில்லை. கட்டிலை வந்து பார்க்கவும் இல்லை. ‘முன்பணம் ஐயாயிரம் அனுப்புகிறேன் அக்கா, உங்கள் போனில் ஒரு செய்தி வரும், அதை ஏற்று எண்ணைப் போடுங்கள், பணம் ஏறிவிடும்’ என்றார். செய்தி வந்தது. 5,000 என்ற எண் பெரிதாக, கீழே மதினியின் வங்கியின் பெயர். அவர் எண்ணைப் போட்டார். ஐயாயிரம் கழிந்தது. ‘ஐயோ, தவறாகிவிட்டது, இன்னொரு முறை போடுங்கள், பத்தாக வந்துவிடும்’ என்றார் அந்த ஆள். மதினி இரண்டாவது முறையும் போட்டார்.

மதினி ஆசிரியை. இருபது வருடம் கணக்குப் பாடம் எடுத்தவர். அறிவில்லாமல் அவர் ஏமாறவில்லை. ரகசிய எண் என்ன வேலை செய்கிறது என்று யாரும் அவருக்கு ஒருமுறைகூடச் சொன்னதில்லை. செயலியை நிறுவும்போது எண்ணை வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள், அதன் பொருளைச் சொல்வதில்லை. இதில் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் உண்டு.

அவருக்கு வந்த செய்தியின் பெயர் கேட்புச் சீட்டு. ‘உங்கள் பேரில் பற்று எழுதி எனக்கு வரவு வைக்கச் சம்மதமா?’ என்று எதிராளி எழுதி அனுப்பும் சீட்டு. கையெழுத்துக்கான இடத்தை மட்டும் காலியாக விட்டு நம்மிடம் நீட்டுவார்கள். தனிமனிதர் தனிமனிதருக்கு இப்படிக் கேட்புச் சீட்டு அனுப்புவதை, மோசடி பெருகியதால், என்பிசிஐ 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. வணிக நிறுவனங்கள் அனுப்பும் கேட்பு தனி. வழி ஒன்று அடைபட்டது நல்லதுதான். ஆனால் ‘எண்ணைப் போட்டால் பணம் வரும்’ என்ற நம்பிக்கை இருக்கும்வரை அவர்கள் வேறு சீட்டை நீட்டிக்கொண்டுதான் இருப்பார்கள்.

எண்ணைச் செயலிக்காரர்கள் பார்த்துவிடுவார்களா என்றும் கேட்பார்கள். பார்க்க முடியாது. எண்ணைப் போடும் பக்கம் மட்டும் என்பிசிஐ தந்தது. போட்ட கணமே அது போனுக்குள்ளேயே குறியாக்கம் செய்யப்படுகிறது, அதாவது யாரும் படிக்க முடியாத வடிவத்துக்கு மாற்றப்படுகிறது. சரியான எண்தானா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது உங்கள் வங்கி மட்டுமே. ஆனால் உங்கள் போன் திரையை வேறொருவர் பார்க்கும்படி ஒரு செயலியை நிறுவச் சொல்லி, நீங்களும் நிறுவிவிட்டால், நீங்கள் எழுதும் ஒவ்வொரு சீட்டையும் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கிறார் என்று பொருள். போனில் உதவி செய்வதாகச் சொல்லி எந்தச் செயலியை நிறுவச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

சுருக்கமாக: வருவதற்குக் கையெழுத்து வேண்டாம். கையெழுத்துக் கேட்டால், போகப்போகிறது.

வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால்

இப்போது ஆச்சியின் அறுபது ரூபாய்க்கு வருவோம்.

சீட்டோடு ஓடும் பையன் வழியில் தடுக்கி விழலாம். எங்கே விழுந்தான் என்பதைப் பொறுத்து விளைவு மாறும். முதல் மண்டிக்குப் போகும் முன்பே விழுந்தால் பற்றும் இல்லை, வரவும் இல்லை. திரையில் தோல்வி என்று வரும், மறுபடியும் அனுப்பலாம். பற்று எழுதி முடித்த பிறகு, இரண்டாவது மண்டிக்குப் போகும் வழியில் விழுந்தால்? ஒரு பேரேட்டில் பற்று இருக்கிறது, மற்றதில் வரவு இல்லை. ‘போய்விட்டது’, ‘வரவில்லை’ என்ற இரண்டு உண்மைகளும் ஒரே நேரத்தில் பிறப்பது இங்கேதான்.

மூன்றாவதாக ஒரு சிக்கல் உண்டு. இரண்டாவது மண்டியில் வரவு வைத்தாயிற்று, அந்தப் பதிலோடு திரும்பும்போது பையன் விழுந்துவிட்டான். காரியம் முடிந்துவிட்டது, முடிந்தது என்று சொல்ல ஆள் இல்லை. அல்லது இரண்டாவது மண்டியில் கூட்டம் நெரிய, கணக்குப்பிள்ளை பதிலே சொல்லாமல் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டார். எழுதினாரா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. சுற்றுகிற வட்டத்துக்கும், ‘நிலுவையில் உள்ளது’ என்ற வார்த்தைக்கும் இதுதான் பொருள். இந்த நிலையில் அவசரப்பட்டு இரண்டாவது முறை அனுப்பினால், இரண்டு சீட்டுகளும் நிறைவேறிவிட வாய்ப்பு உண்டு.

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோவிலுக்குப் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். காட்டுக்குள் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். தேங்காய் பழத்துக்கு ஸ்கேன் செய்துவிட்டுப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அங்கே பெரும்பாலும் விழுவது நம் போனுக்கும் செயலி நிறுவனத்துக்கும் இடையிலான முதல் அடியில். ஊருக்குள், சிக்னல் நன்றாக இருக்கும்போது விழுந்தால், ஏதோ ஒரு வங்கியின் சர்வர் அந்த நேரத்துச் சுமையைத் தாங்கவில்லை என்று கொள்ளலாம். சர்வர் என்பது பேரேட்டை வைத்திருந்து, கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லும் பெரிய கணினி. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் யுபிஐ பரிவர்த்தனைகள் 2,000 கோடியைத் தாண்டின. அவ்வளவு சீட்டுகளில் மிகச் சிறு பங்கு தடுக்கி விழுந்தாலும் ஊருக்கு நான்கு பேர் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் செய்வார்கள்.

சரி, விழுந்த பணம் என்னவாகும்? இதற்கு விதி இருக்கிறது, அது நம் பக்கம் இருக்கிறது, நம்மில் மிகச் சிலருக்கே அது தெரியும். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை அது. ஒருவர் மற்றொருவருக்குப் பணம் அனுப்பி, பற்று எழுதப்பட்டு வரவு வைக்கப்படவில்லை என்றால், மறுநாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தி, கடைக்காரருக்கு உறுதி வரவில்லை என்றால், ஐந்து நாட்களுக்குள் திரும்ப வேண்டும். கெடு தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வாடிக்கையாளருக்கு இழப்பீடு. விடுமுறை நாளும் இந்தக் கணக்கில் சேரும். இழப்பீட்டை வாடிக்கையாளர் புகார் கொடுக்கக் காத்திராமல் தாமாகவே தர வேண்டும் என்றும் அந்தச் சுற்றறிக்கை சொல்கிறது.

பணத்தை யாரும் வட்டிக்காகப் பிடித்துவைப்பதில்லை என்பதும் இதிலிருந்து விளங்கும். ஒவ்வொரு வங்கியும் தன் பற்றுகளையும் வரவுகளையும் என்பிசிஐயின் பட்டியலோடு ஒத்துப் பார்க்கிறது. ஒற்றையாக நிற்கும் பற்று அப்போது வெளிப்பட்டுவிடும். ஒன்று, அதற்கு ஜோடியான வரவை வைப்பார்கள், இல்லையென்றால் பற்றைத் திருப்பி எழுதுவார்கள்.

அதுவரை கடையில் என்ன செய்வது? செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்க எண் ஒன்று இருக்கும். யுடிஆர் எண் என்பார்கள். அதுதான் சீட்டின் வரிசை எண். இரண்டு வங்கிகளிலும் என்பிசிஐயிலும் அந்தச் சீட்டைத் தேடி எடுக்க அது ஒன்றே போதும். புகார் எழுதும்போது இரண்டு பக்கம் கதை எழுதுவதைவிட இந்தப் பன்னிரண்டு இலக்கங்களைத் தவறில்லாமல் எழுதுவது மேல். முதலில் செயலியிலேயே புகார், பிறகு உங்கள் வங்கி. முப்பது நாட்களில் வங்கி பதில் தராவிட்டாலோ, தந்த பதிலில் நியாயம் இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செலவில்லாமல் முறையிடலாம்.

பச்சைக் குறி சாட்சி ஆகாது

வாடிக்கையாளர் தம் போனில் பச்சைக் குறியைக் காட்டிவிட்டுப் போவார். கடைக்காரரும் தலையசைத்துவிடுவார். பாவம், அந்தத் திரையை அப்படியே வரைந்து காட்டும் போலிச் செயலிகள் இருக்கின்றன. பெயரையும் தொகையையும் போட்டால் அசல் போலவே டிக் அடித்துச் சத்தம் எழுப்பும்.

வெங்காயக்காரரே வந்து ‘வரவு வைத்துவிட்டார்கள்’ என்று சொன்னால் வாழைக்காரர் ஏன் நம்ப வேண்டும்? தம் மண்டியில் கேட்பார். சவுண்ட் பாக்ஸ் அதற்குத்தான் இருக்கிறது. வாடிக்கையாளரின் போனுக்கும் அந்தப் பெட்டிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பெட்டிக்குள் தனியாக ஒரு சிம் கார்டு உண்டு. பணம் வரவானதாகக் கடைக்காரரின் பக்கத்துச் சர்வர் சொன்னால் மட்டுமே அது வாய் திறக்கும். வரவுக்கான சாட்சியை எதிராளியின் திரையில் தேடாமல், தன் பக்கத்தில் தேடுகிறது அந்தப் பெட்டி. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தமிழில் தொகையைச் சொல்கிறது. அண்மைக் காலத்தில் சிறு வியாபாரிகளுக்காக வந்த கருவிகளில் இதைவிட உருப்படியான ஒன்றை நான் பார்க்கவில்லை.

பெட்டி இல்லாதவர்கள் வங்கியின் குறுஞ்செய்தியைப் பார்க்கலாம். அதையும் போலியாக அனுப்புவார்கள் என்பதால், சந்தேகம் வந்தால் தம் செயலியில் இருப்பைப் பார்ப்பதே உறுதி.

தவறிப் போனதும் தவறி வந்ததும்

ஓர் எண் மாறி வேறொருவருக்கு அனுப்பிவிட்டால், ‘ரத்து’ என்று ஒரு பொத்தான் ஏன் இல்லை என்று கேட்கிறார்கள். வரவு எழுதப்பட்ட அந்தப் பக்கம் இப்போது வேறொருவருடையது. அங்கே பற்று எழுத அவருடைய சம்மதம் வேண்டும். உங்கள் வங்கி அவர் வங்கிக்கு எழுதும், அவர் வங்கி அவரிடம் கேட்கும். நாளாகும். அதனால் புதிய எண்ணுக்குப் பெரிய தொகை அனுப்பும் முன் ஒரு ரூபாய் அனுப்பிக் கேட்டுக்கொள்ளும் நம் பெரியவர்களின் பழக்கத்தை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

இதன் மறுபக்கம் ஆபத்தானது. முன்பின் தெரியாதவர் உங்கள் கணக்கில் பணம் போட்டுவிட்டு, ‘தவறிவிட்டது, இந்த எண்ணுக்குத் திருப்பி அனுப்புங்கள்’ என்று கெஞ்சலாம். நீங்கள் அனுப்புவது திருப்பி எழுதுவதாகப் பேரேட்டில் பதியாது, புதிதாக நீங்கள் கொடுத்த பணமாகவே பதியும். வந்த பணம் எங்கேயோ திருடப்பட்டதாக இருந்தால், போலீஸ் அந்தத் தடத்தைப் பிடித்து வரும்போது உங்கள் பக்கம் நடுவில் நிற்கும், கணக்கு முடக்கப்படும். ‘வங்கி மூலம் கேளுங்கள், தருகிறேன்’ என்று சொல்லிவிட்டு, உங்கள் வங்கிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். கல்லூரிப் பிள்ளைகளிடம், ‘உன் கணக்கில் பணம் போடுகிறோம், எடுத்துக் கொடுத்தால் கமிஷன்’ என்று யாராவது கேட்டால், அது திருட்டுப் பணத்தை ஒளிப்பதற்காக அவர்கள் பக்கத்தை இரவல் கேட்பது. பெற்றோர் இதை வீட்டில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள். திருடிய பணமும் பேரேட்டுக்குப் பேரேடு வரவாகத்தான் போகிறது. கடைசியில் யாராவது ஏடிஎம்மில் எடுத்துவிட்டால்தான் அது கைக்கு எட்டாமல் போகும். அதற்கு முன்பு நடுவில் உள்ள ஏதாவது ஒரு பக்கத்தில் அதை நிறுத்திவைக்க வங்கிகளால் முடியும். மதினி வெட்கப்பட்டு மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த மூன்று நாளில் எல்லாம் போய்விட்டது.

ஆச்சியின் நோட்டு

அன்று மாலை ஆச்சி கீரையை அந்த மாணவன் கையிலேயே கொடுத்து அனுப்பினார். “பணம் உன்னிடம் திரும்பி வந்தால் கொண்டுவந்து தா. எனக்கு வந்தால் சொல்கிறேன்” என்றார். என்ன நடந்திருக்கும் என்று நான் மண்டிக் கதையைச் சொல்லி விளக்கினேன். முன்பு வாழைத்தார் ஏலம் எடுத்தவர் அவர். பாதியிலேயே புரிந்துகொண்டு, “அப்படியானால் எனக்கு வரவு எழுதவில்லை, அவனுக்குப் பற்று எழுதிவிட்டார்கள்” என்றார்.

இரண்டாம் நாள் இரவு பணம் மாணவனின் கணக்குக்குத் திரும்பியது. மறுநாள் வந்து மறுபடியும் ஸ்கேன் செய்தான். பனையோலைப் பெட்டிக்குள்ளிருந்து அறுபது ரூபாய் என்று குரல் வந்தது.

இப்போது அந்தப் பெட்டியில் ஒரு நாற்பது பக்க நோட்டும் இருக்கிறது. வட்டம் சுற்றி நின்றுவிடும் நாட்களில், வாங்கியவரையே அந்தப் பன்னிரண்டு இலக்க எண்ணை அதில் எழுதச் சொல்கிறார் ஆச்சி. முதல் பக்கத்தில் பேனாவால் கோடு போட்டு இரண்டாகப் பிரித்திருக்கிறார். இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. முதல் வரியில் அந்தப் பையனின் கையெழுத்தில் தேதியும், கீரை முருங்கைக்காய் 60 என்றும் இருக்கிறது. அதற்கு நேரே வலது பக்கத்தில் ஆச்சி தாமே ஒரு டிக் போட்டிருக்கிறார்.